இந்தியாவில் இறக்குமதிக் கார்களும் முழுமைக் காப்பீடும்

வெளிநாட்டில் தயாராகி இந்தியாவுக்குக் கொண்டுவரப்படும் காரும் மற்றக் கார்களைப் போலவே காப்பீடு செய்யப்பட வேண்டும். காரால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருட்சேதம் ஆகியவற்றுக்கு ஈடு தருவது மூன்றாம் நபர் காப்பீடு. அத்துடன் விபத்து, தீ, திருட்டு, வெள்ளம் முதலியவற்றால் காருக்கு நேரும் சேதத்துக்கும் ஈடு தருவது முழுமைக் காப்பீடு. மக்கள் பேச்சில் இதுவே ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. முதலாவது சட்டப்படி கட்டாயம். இரண்டாவது உரிமையாளரின் விருப்பம். இந்த வேறுபாடு உருவான வரலாற்றையும், இறக்குமதிக் கார் வைத்திருப்போருக்கு அது ஏன் முக்கியமானது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

தொடக்கம்

மோட்டார் காப்பீடு கப்பல் காப்பீட்டிலிருந்து கிளைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் லாயிட்ஸ் சந்தையில் கார்களுக்குக் காப்பீடு கேட்டு வந்தபோது, அதற்கெனத் தனிப் படிவம் இல்லை. எனவே காரை நிலத்தில் செல்லும் கப்பலாகக் கருதி, கப்பல் காப்பீட்டுப் படிவத்திலேயே எழுதிக் கொடுத்தனர். அக்காலத்தில் கார் செல்வர்களின் உடைமை. அந்த உடைமையைக் காப்பதே காப்பீட்டின் முதல் நோக்கம்.

சாலை விபத்துகள் பெருகியபின் நோக்கம் மாறியது. பிரிட்டனின் 1930-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் மூன்றாம் நபர் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இதே வழியைப் பின்பற்றியது. ஆனால் அதன் காப்பீட்டு அத்தியாயம் 1946 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. சட்டம் பாதுகாக்க நினைத்தது தெருவில் நடந்து செல்பவரை. காரின் உரிமையாளரை அல்ல. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே தொடர்கிறது.

இறக்குமதியின் ஏற்ற இறக்கம்

இந்தியாவில் முதலில் ஓடிய கார்களில் பெரும்பாலானவை வெளிநாட்டில் தயாரானவையே. 1928-இல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் தொழிற்கூடம் அமைத்து, கப்பலில் வந்த பாகங்களைப் பொருத்திக் கார்களாக்கி விற்றது. 1942-இல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸும் 1944-இல் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸும் தொடங்கப்பட்டன. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டம் இல்லாத நிறுவனங்கள் தொழிலைக் கைவிட வேண்டும் என அரசு 1953-இல் முடிவெடுத்தது. மறு ஆண்டு ஜெனரல் மோட்டார்ஸ் வெளியேறியது. அதன்பின் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் கார் இறக்குமதி கடுமையான கட்டுப்பாட்டில் இருந்தது.

2001 ஏப்ரலில் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின. ஆயினும், பழைய கார் என்றால் தயாராகி மூன்றாண்டுக்கு மேற்படாததாகவும், ஸ்டீயரிங் வலப்பக்கம் உள்ளதாகவும் இருக்க வேண்டும் என்பன போன்ற நிபந்தனைகள் இருந்தன. சுங்கவரியும் மிக அதிகம். உயர்விலைக் கார்களுக்கு 75 விழுக்காடாக இருந்த வரி 2013-இல் 100 விழுக்காடாக உயர்ந்தது. காரின் விலையில் மட்டுமன்றி உதிரிப் பாகத்தின் விலையிலும் வரி சேர்வதால், இறக்குமதிக் காரின் காப்பீடு தனிச் சிக்கலாயிற்று.

கட்டண விதிகள்

1973 ஜனவரி 1 முதல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையானது. 107 நிறுவனங்கள் நான்கு அரசு நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. அவற்றுள் யுனைடெட் இந்தியா சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. பிரீமியம் விகிதம் எங்கும் ஒன்றாகவே இருந்ததால், உரிமையாளருக்கு நிறுவனங்களை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை இல்லை.

2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய மோட்டார் கட்டண விதிகள் ஐ.டி.வி. எனப்படும் அறிவிப்பு மதிப்பை அடிப்படையாக வைத்தன. கார் முற்றிலும் அழிந்தாலோ திருடப்பட்டாலோ கிடைக்கும் தொகைக்கு இதுவே அளவுகோல். நிறுவனம் அறிவித்த விற்பனை விலையிலிருந்து ஆண்டுக்கேற்பத் தேய்மானம் கழிக்கப்படும்: ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை 20%, மூன்று முதல் நான்காண்டு வரை 40%, நான்கு முதல் ஐந்தாண்டு வரை 50%. ஐந்தாண்டுக்கு மேல் இருதரப்பும் பேசி முடிவு செய்யும். பழுதுபார்க்கும் செலவு இம்மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கார் முற்றிலும் அழிந்ததாகக் கொள்ளப்படும்.

தூதரகங்கள் சுங்கவரி இன்றிக் கொண்டுவரும் கார்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 30% கூடுதலாக வசூலிக்க இவ்விதிகள் வகை செய்தன. வரி சேராததால் காரின் மதிப்பு குறைவாக இருக்கும். மாற்றும் பாகமோ வரியுடன் வரும். அத்தகைய காருக்கு உள்நாட்டில் இல்லாத பாகம் தேவைப்பட்டால், விலைப்பட்டியல் விலையே உச்சவரம்பு. பட்டியல் இல்லையெனில் தொழிற்சாலை விலையுடன் இறக்குமதி வரியும், விமானம் அல்லாத வழியில் கொண்டுவரும் செலவும் சேர்க்கப்படும். அவசரத்துக்கு விமானத்தில் வரவழைத்தால் கூடுதல் செலவு உரிமையாளருடையது.

சந்தை திறந்தபின்

1999-ஆம் ஆண்டுச் சட்டத்தால் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைந்தது. தனியார் நிறுவனங்கள் வந்தன. 2007 ஜனவரி 1 முதல் சொந்தச் சேதக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கத் தொடங்கின. தேய்மானம் கழிக்காத ‘ஜீரோ டெப்ரிசியேஷன்’, எஞ்சின் பாதுகாப்பு போன்ற கூடுதல் பிரிவுகள் பின்னர் விற்பனைக்கு வந்தன.

கோவை எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், புதிய கார்களுக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2018-இல் கட்டாயமாக்கியது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு படி மேலே சென்று, புதிய வாகனங்களுக்கு ஐந்தாண்டு ‘பம்பர் டு பம்பர்’ காப்பீடு கட்டாயம் என்றது. அடுத்த மாதமே அவ்வுத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஆக, சொந்தக் காரைக் காப்பது இன்றும் உரிமையாளரின் தீர்மானமே.

இறக்குமதிக் கார் உரிமையாளர் கவனிக்க வேண்டியவை

எதிரில் வந்தவர் மேல் தவறு என்றால் அவருடைய காப்பீடு முழுச் செலவையும் ஏற்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். தனியார் காரின் பாலிசியில் பிறர் பொருட்சேதத்துக்கான வரம்பு வழக்கமாக ரூ. 7.5 லட்சமே. இறக்குமதிக் காரின் சேதம் இதை எளிதில் தாண்டும். மீதித் தொகைக்கு எதிராளியின் சொத்தை நம்பித்தான் வழக்காட வேண்டும். முழுமைக் காப்பீட்டின் தேவை இங்கேதான் தெளிவாகிறது.

அடுத்தது மதிப்பு. எடுத்துக்காட்டாக, 60 லட்சம் ரூபாய்க் காரின் மதிப்பு நான்காம் ஆண்டில் 36 லட்சம். பழுதுச் செலவு 27 லட்சத்தைத் தாண்டினால் கார் திரும்பாது. 36 லட்சத்தை ஒட்டிய தொகையே கிடைக்கும். பிரீமியத்தைக் குறைக்க மதிப்பைக் குறைத்து எழுதச் செய்வோர் அந்த இழப்பைத் தாமே பெரிதாக்கிக் கொள்கின்றனர். தனிநபராக இறக்குமதி செய்தவர் விலைச்சீட்டையும் சுங்கவரி ஆவணங்களையும் காட்டி மதிப்பை முதலிலேயே உறுதி செய்துகொள்வது நல்லது.

மூன்றாவது பாகங்கள். சாதாரண முழுமைக் காப்பீட்டில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதி விலையே கிடைக்கும். இரண்டு லட்சம் ரூபாய் பம்பர் உடைந்தால் ஒரு லட்சம் கைப்பணம். ஜீரோ டெப்ரிசியேஷன் பிரிவு இதை ஈடுசெய்யும். எத்தனை ஆண்டுகள் வரை, ஆண்டுக்கு எத்தனை முறை என்பதைக் கேட்டறிய வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எண்ணற்ற கார்கள் மூழ்கின. நீர் புகுந்த எஞ்சினை இயக்கிப் பார்த்ததால் வந்த பழுதைச் சாதாரணப் பாலிசி பொதுவாக ஏற்பதில்லை. அதற்குத்தான் எஞ்சின் பாதுகாப்புப் பிரிவு.

வெளிநாட்டிலிருந்து திரும்புவோருக்கு ஒரு சலுகையும் உண்டு. அங்கே இழப்பீடு கோராமல் சேர்த்த ‘நோ கிளைம் போனஸ்’ சலுகையை, அந்தப் பாலிசி முடிந்த மூன்றாண்டுக்குள் சான்றுடன் இங்கே பாலிசி எடுத்தால் பெறலாம் என்பது 2002-ஆம் ஆண்டு விதி. நாடு திரும்பும் முன் அச்சான்றைக் கேட்டு வாங்கி வருவது பயன் தரும்.