கத்தனார் மகன் பேய் பிடித்த கதை

பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்குப் போகும் பாதை குழித்துறை, களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று ஊர் ஊராகக் கடந்து போகிறது. இன்று அந்த வழியில் பேருந்துக்கும் லாரிக்கும் நடுவே ஒதுங்க இடம் தேடுவதே பெரும்பாடு. கதைகளின் காலத்தில் அது ஆள் நடமாட்டமில்லாத காடு. இருட்டில் தனியாக வருகிறவனிடம் அழகான பெண் ஒருத்தி சிரித்தபடி வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்பாள். கொடுக்கப் போனவன் வீடு திரும்பமாட்டான். விடிந்து பார்த்தால் பனைமரத்தடியில் நகமும் முடியும் மட்டும் கிடக்கும்.

இந்த யட்சியைப் பற்றி வந்த புகார்தான் நம் பக்கத்துப் பேய் விசாரணைகளில் மூத்தது என்பேன். விசாரிக்கப் போனவர் கடமற்றத்துக் கத்தனார், மந்திரம் கற்ற சிரியன் கிறிஸ்தவப் பாதிரியார். கத்தனார் என்பது அந்தப் பாதிரியார்களை அழைக்கும் பெயர். கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் எட்டுத் தொகுதிகளாக வெளியிட்ட 'ஐதிஹ்யமாலை'யில் இந்தக் கதை இருக்கிறது. கத்தனார் அவளை வசப்படுத்தி, தலையில் இரும்பாணி அறைந்து, சாதுவான வேலைக்காரியாகக் காயங்குளத்துக்குக் கூட்டிப்போகிறார். அங்கே ஒரு கிழவி தலைவாரி விடும்போது ஆணி கையில் தட்டுப்படுகிறது. பாவம், பெண்ணுக்கு வலிக்குமே என்று பிடுங்கி எறிகிறாள். அத்தோடு யட்சி மாயம். எனக்கு இந்தக் கதையில் பிடித்த பாத்திரம் அந்தக் கிழவிதான்.

கதைக்குப் பஞ்சமில்லாத வட்டாரம் இது. காஞ்சிரக்கோட்டு யட்சி குழித்துறைப் பக்கத்தவள். கள்ளியங்காட்டு நீலி நாகர்கோவிலை ஒட்டியவள். சி.வி. ராமன் பிள்ளையின் 'மார்த்தாண்டவர்மா' (1891) நாவலுக்குள்ளும் பஞ்சவன்காட்டு நீலியின் நிழல் விழுகிறது. மரப்பொந்தில் யட்சி மட்டுமா ஒளிந்தாள்? நெய்யாற்றின்கரை கிருஷ்ணன் கோயில் வளாகத்து அம்மச்சிப் பிலா என்ற பலாமரத்தின் பொந்தில், திருவிதாங்கூர் மன்னரான மார்த்தாண்டவர்மாவே எதிரிகளுக்குத் தப்பி ஒளிந்தார் என்று ஊர் சொல்கிறது. 1956 நவம்பர் 1 அன்று எல்லைக்கோடு விழுந்து, விளவங்கோடு தாலுகா மதராஸ் மாநிலத்துக்கும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்துக்கும் போனது. களியக்காவிளை இந்தப் பக்கம், பாறசாலை அந்தப் பக்கம். வில்லுப்பாட்டில் நீலி கதை கேட்டவர்களும் யட்சிக் கதை கேட்டவர்களும் கோட்டின் இரு பக்கமும் இருந்தார்கள். ஆவிகளுக்குச் சோதனைச் சாவடி கிடையாது.

கத்தனாரின் விசாரணையில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேய் உண்டா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. அதை எப்படி அடக்குவது என்பதுதான் பேச்சு. 'உண்டா' என்று கேட்கும் விசாரணை பிறக்க இன்னொரு கத்தனாரின் வீடு தேவைப்பட்டது.

1898 ஏப்ரல் 10 அன்று திருவல்லாவில், மார்த்தோமா சபையின் விகார் ஜெனரலாக இருந்த கோவூர் ஈப்பன் தொம்மா கத்தனாருக்கு ஒரு மகன் பிறந்தான். ஆபிரகாம் தாமஸ் கோவூர். கல்கத்தாவின் பங்கபாசி கல்லூரியில் தாவரவியலும் விலங்கியலும் படித்தார். விடுமுறைக்கு ஊர் வரும்போது கங்கைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அக்கம்பக்கத்தார் கேட்க, வழியில் பிடித்த ஏதோ தண்ணீரைக் கொடுத்தாராம். அதைக் குடித்து நோய் தீர்ந்ததாகச் சிலர் வந்து நன்றி சொன்னார்களாம். இந்தக் குறும்பைப் பின்னாளில் அவரே சொல்லித் திரிந்தார். நம்பிக்கை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவர் கண்ட முதல் சாட்சி அது.

1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். தாவரவியலோடு பைபிள் பாடமும் நடத்தச் சொன்னார்கள். பிள்ளைகள் நல்ல மதிப்பெண் வாங்கினார்கள். மறு ஆண்டு அந்தப் பாடம் அவர் கையிலிருந்து போய்விட்டது. தேர்வில் தேறியவர்கள் விசுவாசத்தில் தேறவில்லை என்பது நிர்வாகத்தின் வருத்தம், இதுவும் கோவூர் சொன்னபடிதான். பிறகு காலி, கல்கிசை, கொழும்பு என்று பள்ளிகள் மாறி, கொழும்பு தர்ஸ்டன் கல்லூரியிலிருந்து 1959இல் ஓய்வுபெற்றார். சாய்வு நாற்காலியில் உட்காரும் வயதில்தான் பேய் வீடுகளின் படியேறத் தொடங்கினார். இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக ஆனபின், மூடிய வீட்டுக்குள் கல் விழுகிறது, கட்டில் துணியில் தானாகத் தீப்பிடிக்கிறது, சோற்றுப் பானையில் மண் விழுகிறது என்ற முறையீடுகள் அவரைத் தேடி வந்தன. கேரளத்தில் இதையே குட்டிச்சாத்தான் தொல்லை என்பார்கள்.

அவர் கையில் கருவி எதுவும் இல்லை. வீட்டாரை ஒவ்வொருவராகத் தனியே உட்காரவைத்துப் பேசினார். கல் விழும்போது யார் எங்கே இருந்தீர்கள்? யார் வெளியூர் போன நாட்களில் விழவில்லை? யாருக்கு யார்மேல் மனத்தாங்கல்? பெரும்பாலும் கேள்விகளின் முடிவில் ஒரு மனிதர் நின்றார். பலமுறை அது அந்த வீட்டிலேயே குரல் எடுபடாத ஒருவர். சிறு பிள்ளை, வேலைக்கு வந்த பெண், மனம் ஒப்பாத வாழ்க்கையில் அடைபட்ட மருமகள். நேராகச் சொல்ல முடியாததைக் கல் சொன்னது. ஆளைக் கண்டுபிடித்தபின் சந்தியில் நிறுத்தி அவமானப்படுத்துவது அவர் வேலையாக இருக்கவில்லை. மனோவசியமும் ஆறுதல் பேச்சுமாக மனப்புண்ணைக் கவனித்தார். துப்பறிவாளர் பாதி, வைத்தியர் பாதி. அவருடைய குறிப்பேட்டு வழக்கு ஒன்றுதான் மலையாளத்தில் 'புனர்ஜன்மம்' (1972) என்று படமாகி, மறு ஆண்டு தமிழில் 'மறுபிறவி' ஆனது.

அவர் பக்கத்து முடிவு தீர்மானமானது: தான் விசாரித்ததில் ஒன்றில்கூட ஆவி இல்லை. கொஞ்சம் அதிகமாகவே தீர்மானமானது என்று எனக்கு அவ்வப்போது தோன்றும். வழக்கை எழுதியவரும் தீர்ப்புச் சொன்னவரும் அவரே. ஆனாலும் கேள்வியைப் பேயிடமிருந்து வீட்டின் பக்கம் திருப்பியதற்கு அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். கத்தனார் யட்சியின் தலையில் ஆணி அடித்தார்; அவள் ஏன் அந்தப் பாதையில் நின்றாள் என்று கேட்கவில்லை. காஞ்சிரக்கோட்டுக் கதையிலும் நீலி கதையிலும் பேயாவதற்கு முன்னால் துரோகமும் கொலையும் இருக்கின்றன. வில்லுப்பாட்டுக்காரர்களுக்கு இது தெரியும். பாட்டில் பாதி நேரம் அந்த அநியாயத்துக்குத்தான்.

மேற்கில் இந்தத் தொழில் வேறு வழியாகப் பிறந்தது. 1882இல் லண்டனில் ஆவி ஆய்வுக்கென்று ஒரு கழகம் தொடங்கியது. பேய் வேட்டையில் பெயரெடுத்த ஹாரி பிரைஸ், மாயம் மந்திரம் குறித்துச் சேர்த்த ஆயிரக்கணக்கான நூல்களை லண்டன் பல்கலைக்கழக நூலகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அது அங்கே தனித் தொகுப்பு. பேயிருக்கும் நூலகங்கள் என்று உலகில் எத்தனையோ சொல்கிறார்கள். பேய் நூல்கள் இருக்கும் நூலகத்தைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

நூலகம் என்றாலே ஏன் பேய்? கல்கத்தா தேசிய நூலகத்தைப் பாருங்கள். வங்காளத்தின் துணை ஆளுநர்கள் வாழ்ந்த பெல்வடேர் மாளிகையில் 1953 முதல் அது இயங்கியது. வாரன் ஹேஸ்டிங்ஸ் 1780இல் பிலிப் பிரான்சிஸோடு துப்பாக்கிச் சண்டை போட்டதும் அந்தப் பக்கம்தான். ஹேஸ்டிங்ஸின் ஆவி உலவுகிறது, புத்தகத்தை இடம் மாற்றி வைத்தால் மெட்காஃப் சீமாட்டி மூச்சுவிடுவார் என்றெல்லாம் பேச்சு. 2010இல் பழுதுபார்க்க வந்த தொல்லியல் துறையினர் தரைத்தளத்தில் வாசலோ சன்னலோ இல்லாத அறை ஒன்றைக் கண்டார்கள். பரப்பு சுமார் 1000 சதுர அடி. சித்திரவதைக்கூடம், புதையல் அறை என்று பத்திரிகைகள் எழுதித் தள்ளின. கடைசியில் உள்ளே இருந்தது மண். கட்டடத்தின் அடித்தளம் உறுதியாக நிற்க நிரப்பியது என்றார்கள்.

இன்னொரு வழக்கு பொறியாளர் விக் டாண்டியுடையது. இங்கிலாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இரவில் தனியே வேலை செய்தபோது மேலெல்லாம் குளிர்ந்து, ஓரக்கண்ணில் சாம்பல் உருவம் தெரிந்திருக்கிறது. மறுநாள் பிடிமானத்தில் பூட்டிய கத்தி தானாக நடுங்கியது. தேடிப் பார்த்தால், புதிதாக மாட்டிய காற்றுவிசிறி ஏறக்குறைய 19 ஹெர்ட்ஸில் காதுக்கு எட்டாத அதிர்வை எழுப்பிக்கொண்டிருந்தது. 1998இல் இதை ஆவி ஆய்வுக் கழகத்தின் இதழிலேயே வெளியிட்டார். எல்லாப் பேயையும் விசிறியில் கட்டிவிட முடியாது. பிற்காலச் சோதனைகளின் முடிவு அவ்வளவு பளிச்சென்று வரவில்லை.

இப்போதைய பேய் வேட்டைக்காரர்கள் மின்காந்த மீட்டரும் இரவுக் கேமராவுமாகப் போகிறார்கள். பழைய கட்டடத்து ஒயரிங் பக்கத்தில் நீட்டினாலும் மீட்டர் விளக்கு எரியும். நம் ஊர் ஓட்டுக் கூரை என்றால் மச்சில் ஓடும் மரநாய் ஒன்றே ஒரு பட்டாளத்தின் காலடிச் சத்தம் கொடுக்கும். கத்தனாரின் ஆணிக்கும் இந்த மீட்டருக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் வேறொரு விஷயம் நடந்தது. 1945இல் அம்பலப்புழையில் 47 நூலகங்கள் கூடி, பி.என். பணிக்கரின் முயற்சியில் திருவிதாங்கூர் கிரந்தசாலை சங்கம் அமைத்தன. ஊர்தோறும் வாசகசாலை வந்தது. சாயங்காலம் விளக்கேற்றிப் பத்திரிகையை உரக்க வாசிக்கும் இடம், ஆட்கள் வீடு திரும்ப இருட்டிவிடும். யட்சி நின்ற பாதையில் கூட்டமாகப் பேசிக்கொண்டு நடந்தார்கள். 'ஐதிஹ்யமாலை'யைப் படித்தவனும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான், பேய் இல்லை என்று வாதாடியவனும் அதே பெஞ்சில்தான்.

கோவூர் 1963இல் ஒரு சவால் விட்டிருந்தார். ஏமாற்ற முடியாத நிபந்தனைகளில் அற்புத சக்தியைக் காட்டுகிறவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய். 1978 செப்டம்பர் 18 அன்று அவர் இறக்கும்வரை பரிசு கைமாறவில்லை. சவாலைப் பின்னர் கோயம்புத்தூர் போத்தனூரிலிருந்து பகுத்தறிவாளர் பி. பிரேமானந்த் தொடர்ந்து நடத்தினார். கோவூரின் கண்கள் கண் வங்கிக்கும் உடல் மருத்துவக் கல்லூரிக்கும் போயின. எலும்புக்கூட்டைத் தர்ஸ்டன் கல்லூரியின் அறிவியல் கூடத்துக்குக் கொடுக்கும்படி எழுதிவைத்திருந்தார், அதுவும் நிறைவேறியது.