வாடிவாசலும் மயிர்க்கூச்செறிதலும்

சீறிவரும் காளையைக் கண்டால் உடல் ஏன் சிலிர்க்கிறது என்ற கேள்விக்குத் தமிழில் நீண்ட வரலாறு உண்டு. நல்லுருத்திரனாரின் முல்லைக்கலி, ஏறு தழுவப் பாயும் ஆயர்களையும் அதைக் காணும் மகளிரையும் பாடுகிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சம், மருட்கை, பெருமிதம், உவகை உள்ளிட்ட எட்டு மெய்ப்பாடுகளை வகுக்கிறது. உரையாசிரியர்கள் ஒவ்வொன்றையும் நான்கு படிகளாக விரித்தனர்: உணர்வைத் தூண்டும் பொருள், அதனால் எழும் சுவை, மனக்குறிப்பு, உடலில் புலப்படும் சத்துவம். மயிர் சிலிர்த்தல், கண்ணீர் வார்தல், வியர்த்தல், நடுக்கம் ஆகியவை சத்துவத்தில் அடங்கும்.

இந்த வரிசையில் உடல் கடைசியாக வருகிறது. 1884இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் இதைத் தலைகீழாக்கினார். உடல் மாற்றமே முந்துகிறது, அதை மனம் அறிவதுதான் உணர்ச்சி என்றார். இன்றைய நரம்பியலின்படி இரண்டும் ஒரே வேளையில் நிகழலாம். ஆபத்தை உணர்வதில் மூளையின் அமிக்டலாவுக்கு முக்கியப் பங்கு உண்டு. அது ஹைப்போதலாமஸ் வழியாகப் பரிவு நரம்புகளை முடுக்குகிறது. நரம்பு முனைகளில் சுரக்கும் நார்அட்ரினலின், மயிர்க்கால்களில் ஒட்டியுள்ள நுண்தசைகளைச் சுருக்க, மயிர் நிமிர்கிறது. இத்தசைகள் பொதுவாக நம் விருப்பத்துக்குக் கட்டுப்படுவதில்லை.

விலங்குகளுக்கு இது குளிரைத் தாங்கவும் உருவத்தைப் பெரிதாகக் காட்டவும் உதவுகிறது. விலங்குகள் அச்சத்திலும் சினத்திலும் மயிர் சிலிர்ப்பதை 1872இல் சார்லஸ் டார்வின் விரிவாக எழுதினார். ரோமம் குறைந்துவிட்ட மனிதனிடம் அந்தப் பழைய ஏற்பாடு எஞ்சியிருக்கிறது.

மகிழ்ச்சியிலும் ஏன் சிலிர்க்கிறது என்பதற்கு இசை ஆய்வுகள் வழிகாட்டின. 2001இல் மாண்ட்ரியலில் ஆன் பிளட், ராபர்ட் ஸட்டோரே இருவரும், இசையால் சிலிர்ப்போரின் மூளையில் வெகுமதிப் பகுதிகள் தூண்டப்படுவதைக் கண்டனர். 2011இல் வலோரி சலிம்பூர் குழுவினர், இசையின் உச்சக் கட்டத்தில் மட்டுமன்றி அதை எதிர்பார்த்திருக்கும் வேளையிலும் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைக் காட்டினர்.

இந்த எதிர்பார்ப்பின் பங்கை அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் கண்கூடாகக் காணலாம். தை முதல் நாள் அவனியாபுரம், இரண்டாம் நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர் என்பது மதுரை வட்டாரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும் முறை. முதலில் வரும் கோயில் காளையை யாரும் பிடிப்பதில்லை. அடுத்து, தென்னைநார்க் கழிவு பரப்பிய களத்தில் மாடுபிடி வீரர்கள் காளைகள் வெளிவரும் வாடிவாசலை ஒட்டிக் காத்து நிற்பார்கள். உள்ளே காளையின் மூக்கணாங்கயிறு அறுபடும். திமில் எந்தப் பக்கம் சாயும், மாடு ஓடுமா, நின்று விளையாடுமா என்பது அது வெளியே வரும்வரை தெரியாது. பார்ப்பவருக்குச் சிலிர்ப்பு அந்தக் காத்திருப்பிலேயே தொடங்கிவிடும். அச்சமும் பெருமிதமும் உவகையும் ஒரே உடலில் கலப்பதால், எது எதனால் வந்தது என்று பிரித்தறிவது கடினம்.

இந்தச் சிலிர்ப்புக்கும் ஓர் இடைவெளி வந்தது: 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் சென்னை மெரினாவிலும் மக்கள் திரண்டு போராடினர். தமிழக அரசு சட்டத் திருத்தம் கொண்டுவர, பிப்ரவரி 10 அன்று அலங்காநல்லூர் வாடிவாசல் மீண்டும் திறந்தது. அத்திருத்தத்தை 2023 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2024 ஜனவரியில் அலங்காநல்லூருக்கு அருகிலுள்ள கீழக்கரையில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது.