அஸ்கார்பிக் அமில சீரத்தின் நிலைப்புத்தன்மை: மூலக்கூறும் குப்பியும்

தோல் பராமரிப்புப் பொருள்களில் சேரும் வினைப்பொருள்களுள் விரைவில் சிதைபவற்றில் ஒன்று வைட்டமின் சி, அதாவது எல்-அஸ்கார்பிக் அமிலம். இதன் வளையத்தில் இரட்டைப் பிணைப்பால் இணைந்த இரு கார்பன்களும் ஹைட்ராக்சில் தொகுதியைத் தாங்குகின்றன. இந்த ஈன்டையால் அமைப்பு எலக்ட்ரான்களை எளிதில் வழங்குவதால் தனி உறுப்புகள் செயலிழக்கின்றன. அதே எளிமையோடு அது ஆக்சிஜனுக்கும் எலக்ட்ரான்களைத் தருகிறது. பயனும் சிதைவும் ஒரே தொகுதியில் தோன்றுவதால், நிலைப்புத்தன்மையை மூலக்கூறின் பண்பாக மட்டும் கொள்ள இயலாது. கரைசலும் குப்பியும் பயன்பாட்டு முறையும் சேர்ந்தே அதை முடிவு செய்கின்றன.

சிதைவு படிப்படியாக நிகழ்கிறது. முதலில் உருவாகும் டீஹைட்ரோஅஸ்கார்பிக் அமிலம் மீண்டும் ஒடுக்கமடையக்கூடியது. நீராற்பகுப்பில் அதன் வளையம் திறந்து டைகீட்டோகுலோனிக் அமிலம் உண்டான பின் மீட்சியில்லை. பழுப்பு நிறம் இதற்கும் பிந்தைய வினைகளால் வருவது. ஆகவே நிறம் மாறாத சீரம் சிதையாத சீரம் என்று முடிவுகட்ட முடியாது. எஞ்சிய அளவை உயர்திறன் திரவ வண்ணப்பிரிகை முறையால் அளந்தே அறிய வேண்டும்.

வினையின் வேகத்தைப் பிஎச் மதிப்பு பெரிதும் ஆள்கிறது. அஸ்கார்பிக் அமிலத்தின் முதல் பிகேஏ மதிப்பு சுமார் 4.2. பிஎச் 5.5-இல் ஏறத்தாழ 95 விழுக்காடு எதிர்மின் அயனியாக இருக்கும், 3.5-இல் ஆறில் ஒரு பங்கே அவ்வாறிருக்கும். அயனி வடிவமே விரைவாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. மின்சுமையால் தோலின் வெளிப்படலத்தையும் எளிதில் கடப்பதில்லை. ஷெல்டன் பின்னெல் குழுவினர் 2001-இல் பன்றித் தோலில் செய்த ஆய்வு, உட்புகுதலுக்கு பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும் என்றும், 20 விழுக்காட்டுக்கு மேல் செறிவைக் கூட்டினால் பயனில்லை என்றும் காட்டியது.

வேகத்தைப் பிஎச் ஆண்டாலும், ஆக்சிஜனேற்ற இழப்பின் எல்லையை வகுப்பது ஆக்சிஜன் வரத்து. 15 விழுக்காட்டுக் கரைசலின் ஒரு லிட்டரில் 150 கிராம் அமிலம் உண்டு. அறை வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனோ 8 மில்லிகிராம் அளவே. அது முழுதும் வினைபுரிந்தாலும் 0.1 விழுக்காடுகூட இழப்பாகாது. மூடிய புதுக்குப்பி நிலையாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. ஆனால் 30 மில்லிலிட்டர் குப்பியில் 5 மில்லிலிட்டர் மட்டும் எஞ்சியபோது, மேலுள்ள 25 மில்லிலிட்டர் காற்றின் ஆக்சிஜன் முழுதும் வினைபுரிந்தால் எஞ்சிய அமிலத்தில் 5 முதல் 10 விழுக்காடு வரை அழியும். சொட்டுக்குழாயை எடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் காற்று புதுப்பிக்கப்படுகிறது. காற்று புகாத பம்புக் குப்பி இதனால் வெறும் அழகுக்கானதன்று. அது தயாரிப்பின் வேதியியலில் ஓர் அங்கம்.

செம்பு, இரும்பு அயனிகள் மிகச் சிறிய அளவிலேயே வினையை ஊக்குவிப்பதால், அவற்றைக் கட்டிப்போட ஈடிடிஏ சேர்க்கப்படுகிறது. 15 விழுக்காடு வைட்டமின் சி, 1 விழுக்காடு வைட்டமின் ஈ ஆகியவற்றுடன் 0.5 விழுக்காடு பெருலிக் அமிலம் சேர்ந்தபோது கலவையின் நிலைப்பு உயர்ந்ததோடு, பன்றித் தோலில் ஒளிப்பாதுகாப்பு நான்கு மடங்கிலிருந்து எட்டு மடங்கானது என 2005-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.

மற்றொரு வழி, ஈன்டையாலின் ஒரு ஹைட்ராக்சிலை மறைப்பது. மெக்னீசியம் அஸ்கார்பைல் பாஸ்பேட்டும் அஸ்கார்பைல் குளுக்கோசைடும் இவ்வகையின. நடுநிலைக் கரைசலிலும் தாங்குபவை. ஆனால் தோலின் நொதிகள் அந்த மறைப்பை நீக்கினால்தான் அமிலம் வெளிப்படும். 2001 ஆய்வில் இந்தப் பாஸ்பேட் தோலின் வைட்டமின் அளவை உயர்த்தவில்லை. அஸ்கார்பைல் பால்மிட்டேட்டிலோ மறைப்பு ஆறாம் கார்பனில் அமைவதால் ஈன்டையாலுக்குக் காப்பே இல்லை.

மூடிய குப்பியை 40 டிகிரி செல்சியஸில் வைத்துச் செய்யும் துரிதச் சோதனை, திறக்கும்தோறும் காற்று புகும் சிக்கலை முழுதாகக் காட்டாது. அங்கே ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அதன்பின் அளக்கப்படுவது பெரும்பாலும் ஆக்சிஜனற்ற சிதைவே. தினமும் திறந்து மூடப்படும் குப்பியில் எஞ்சும் அமிலத்தையும் அது தோலுக்குள் சேரும் அளவையும் ஒருங்கே அளந்தால் மட்டுமே நிலைப்புத்தன்மை என்ற கூற்று பொருளுடையதாகும்.