மூன்று முறை தோற்ற பிறகு ஜெயித்த வால்வு



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாளாம். "கிருஷ்ணன்கோவில் கலசலிங்கத்துல பயோமெடிக்கல் இன்ஜினியரிங் இருக்கு சார். அது டாக்டர் படிப்பா, இன்ஜினியர் படிப்பா? சேர்க்கலாமா?" என்று கேட்டாள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்ல முடியவில்லை. எழுதுகிறேன் அம்மா என்றேன். எல்லோருக்கும் பயன்படட்டும் என்று இங்கேயே எழுதுகிறேன்.

நோயைப் பார்ப்பவர் டாக்டர். அவர் பயன்படுத்தும் கருவியைச் செய்து, அது உடம்புக்குக் கெடுதல் செய்யாதபடி சோதித்துத் தருபவர் பயோமெடிக்கல் இன்ஜினியர். நமக்கு இது அந்நியமான விஷயம் இல்லை. பக்கத்துச் சத்திரப்பட்டித் தறிகளில் நெய்யும் பேண்டேஜ் துணியும் மருத்துவப் பொருள்தானே?

இந்தத் துறை எப்படி வளர்ந்தது என்று பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். செங்கோட்டை தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் இறங்கினால் திருவனந்தபுரம். நம் ஊர்ப் பக்கத்து இதய நோயாளிகள் பலர் தேடிப்போகும் ஸ்ரீசித்திரா அங்கேதான் இருக்கிறது.

1973: திருவிதாங்கூர் அரச குடும்பம் ஒரு பல மாடிக் கட்டடத்தை மருத்துவமனைக்காகக் கொடுத்தது.

1974: முதலமைச்சர் அச்சுத மேனன் அழைப்பை ஏற்று இதய அறுவை நிபுணர் எம்.எஸ். வலியத்தான் பொறுப்புக்கு வந்தார்.

1976: நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கினார்கள். அடுத்து, பூஜப்புரையில் அரச குடும்பம் தந்த அரண்மனையில் உயிர்மருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, இன்னொரு பக்கம் பட்டறையும் சோதனைக்கூடமும். டாக்டருக்கு என்ன தேவை என்பது இன்ஜினியர் காதில் நேராக விழுந்தது.

1980: நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற நிறுவனமானது. பல்கலைக்கழகம்போல் தானே பட்டம் வழங்கும் உரிமையும் கிடைத்தது.

இங்கே என் சொந்த நினைவு ஒன்று. நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஏழாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கணக்கில் கெட்டிக்காரன். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். சின்ன வயதில் தொண்டை வலி, பிறகு மூட்டு வலியோடு காய்ச்சல். அந்த ருமாட்டிக் காய்ச்சல் இதய வால்வைக் கெடுத்துவிட்டது. வால்வு வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். அவன் அப்பாவுக்கு விவசாயக் கூலி. விலையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் திரும்பி வந்தார். அரைப் பரீட்சைக்குப் பிறகு பையன் வரவில்லை. வருகைப் பதிவேட்டில் அவன் பெயரைச் சிவப்பு மையால் அடித்தது நான்தான்.

இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகத்தான் ஸ்ரீசித்திராவில் வால்வு செய்யப் புறப்பட்டார்கள். ஒரு சின்னக் கணக்கு. நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் வருடத்துக்கு எத்தனை? 3 கோடியே 78 லட்சத்துக்கும் மேல். அத்தனை முறையும் வால்வு திறந்து மூட வேண்டும். ரத்தம் அதில் உறையக் கூடாது, ரத்த அணுக்கள் நசுங்கக் கூடாது.

முதல் மாதிரி பற்றவைத்த இடத்தில் முறிந்தது. இரண்டாவது, உலோகம் தேய்ந்துபோனதால் தோற்றது. மூன்றாவதில் செயற்கை நீலக்கல்லால் செய்த வட்டு உடைந்தது. ஒவ்வொன்றுக்கும் வருடக்கணக்கில் உழைப்பு. அரசுப் பணத்தை வீணாக்குகிறார்கள் என்று யாரும் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து, பொருளை மாற்றி, மறுபடி செய்தார்கள். நான்காவது மாதிரியில் கோபால்ட் கலப்பு உலோகச் சட்டம், அதற்குள் சாய்ந்து திறக்கும் உயர்தர பாலிஎத்திலீன் வட்டு, சுற்றித் தையல் போட பாலியஸ்டர் துணி வளையம். செம்மறியாடுகளில் வைத்துப் பார்த்தார்கள். நின்றது.

1990 டிசம்பர் 6: முதல் முறையாக ஒரு மனிதரின் இதயத்தில் பொருத்தினார்கள். பிறகு டிடிகே நிறுவனம் தயாரிப்பை எடுத்துக்கொண்டது. இறக்குமதி வால்வைவிட விலை மிகக் குறைவு. இதுவரை ஒரு லட்சம் பேருக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. ரத்தத்தைக் கண்ணாடிப் பாட்டிலில் சேர்த்த காலம் போய், பிளாஸ்டிக் ரத்தப் பை நம் நாட்டிலேயே தயாரானதும் இதே அரண்மனை ஆராய்ச்சியால்தான். பின்னாளில் சென்னை ஐஐடி, வேலூர் சிஎம்சி இரண்டோடும் சேர்ந்து மேற்படிப்பும் நடத்தினார்கள்.

வலியத்தான் 2005-இல் பத்ம விபூஷண் பெற்றார். 2024 ஜூலையில் காலமானார்.

ஆகவே அம்மா, தாராளமாகச் சேர். ஆனால் மகளிடம் ஒன்று சொல். இந்தப் படிப்பில் சீக்கிரம் பலன் தெரியாது. மூன்று முறை தோற்றாலும் நான்காவது முறை உட்காரும் பொறுமை வேண்டும்.

மற்றவர்களுக்கு: பேரப்பிள்ளைகளுக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தால் கைவைத்தியத்தோடு நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தேவையானபோது காலத்தில் கொடுக்கும் பென்சிலின் பல இதயங்களைக் காப்பாற்றும். வால்வே தேவைப்படாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் நல்லது.

எல்லோரும் நலமாக இருங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் வாத்தியார்