சோன்ஸ்: லத்தீன் எச்சம் ஒன்றின் தோற்றமும் வேற்றுமைத் திரிபும்

‘இரு’ என்று பொருள்படும் ‘எஸ்ஸே’ வினைக்குச் செவ்வியல் லத்தீனில் நிகழ்கால எச்சம் இல்லை என்றே பாட இலக்கணங்கள் கூறுகின்றன. (லத்தீன் எச்சம் காலம் காட்டும், வேற்றுமை உருபும் ஏற்கும், அந்த வகையில் நம் வினையாலணையும் பெயருக்கே அது நெருக்கமானது.) உண்மையில் அந்த எச்சம் மறையவில்லை. ‘குற்றவாளி’ என்று பொருள்படும் ‘சோன்ஸ்’ என்ற பெயரடைதான் அது. வடமொழியில் ‘அஸ்’ வினையின் எச்சமான ‘சத்’ அதற்கு நேர் உறவு. தமிழர் வாயில் புழங்கும் ‘சத்தியம்’ அந்தச் ‘சத்’திலிருந்து கிளைத்தது. ‘சோன்ஸ்’ சொல்லின் அடி ‘சொந்த்’. எழுவாயில் ‘ஸ்’ சேரும்போது ‘த்’ கெட, ‘ன்ஸ்’ முன் நின்ற உயிர் நீண்டு ‘சோன்ஸ்’ ஆகிறது. மற்ற வேற்றுமைகளில் உயிர் குறுகியே நிற்கும்: இரண்டாம் வேற்றுமையில் ‘சொந்தெம்’, நான்காவதில் ‘சொந்தி’, ஆறாவதில் ‘சொந்திஸ்’, பன்மை எழுவாயில் ‘சொந்தேஸ்’. வடமொழியில் ‘சதி’ என்று பெண்பாலுக்குத் தனி வடிவம் உண்டு. லத்தீனில் ஆண்பாலுக்கும் பெண்பாலுக்கும் ஒரே வடிவம்தான்.

இதற்கு முதல் மறுப்பு ஒலி சார்ந்தது. அதே வினையோடு முன்னொட்டு சேர்ந்த ‘ப்ரைசேன்ஸ்’ (முன்னிருப்பவர்), ‘அப்சேன்ஸ்’ (இல்லாதவர்) ஆகியவற்றின் ஆறாம் வேற்றுமை ‘ப்ரைசெந்திஸ்’, ‘அப்செந்திஸ்’. அங்கே எகரம், இங்கே ஒகரம் ஏன்? பழைய எச்சத்தில் இரண்டு உயிர்களும் மாறிமாறி வந்தன என்பதே விடை. ‘செல்’ வினையின் எச்சம் இன்றும் எழுவாயில் ‘இயேன்ஸ்’, ஆறாவதில் ‘எவுந்திஸ்’ என்று இரண்டையும் காத்து வைத்திருக்கிறது. இந்த ‘உந்த்’ பழைய ‘ஒந்த்’தின் திரிபு. பெரும்பாலான வினைகளில் எகரமே வென்றது. வினையிலிருந்து விலகித் தனித்துப் போன ‘சோன்ஸ்’ அந்தச் சீரமைப்புக்குள் சிக்கவில்லை.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது: ‘இருப்பவன்’ எப்படிக் ‘குற்றவாளி’ ஆவான்? மொழியியலாளர் கால்வர்ட் வாட்கின்ஸ் 1967-இல் பண்டை அனத்தோலியாவின் ஹித்தைத்து மொழியிலிருந்து இதற்கு விடை காட்டினார். ஹித்தைத்து அரசன் இரண்டாம் முர்சிலியின் கொள்ளைநோய் வேண்டுதல்களில், குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாசகம் ‘அது உள்ளதுதான், செய்தோம்’ என்ற பொருளில் அமைகிறது. ‘உள்ளது’ என்பதற்கு அங்கே நிற்பதும் ‘இரு’ வினையின் எச்சமே. எவன்மீது சாட்டியது மெய்யோ அவனே குற்றவாளி. இதே அடியில் பிறந்த பழைய நார்ஸ் சொல் ‘சன்னர்’, ‘உண்மையான’, ‘குற்றமுள்ள’ என்ற இரு பொருளையும் தருவதால் இதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. ரோமானியரின் பன்னிரு பலகைச் சட்டத்தில் வழக்கை ஒத்திவைக்கத் தகுந்த கடும் நோய்க்கு ‘மோர்புஸ் சொந்திகுஸ்’ என்று பெயர். ‘மெய்யான நோய்’ என்று கொண்டால் அதுவும் இவ்விளக்கத்தோடு ஒத்துப்போகிறது.

‘சோன்ஸ்’ நீதிமன்றச் சொல்லாகிவிட்ட பிறகு, ‘இருப்பது’ என்ற பொருளுக்கு லத்தீன் புதிதாக ஓர் எச்சத்தைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதுவே ‘ஏன்ஸ்’, அதைச் சீசர் பயன்படுத்தியதாக இலக்கணி பிரிஸ்கியன் குறித்துள்ளார்.