இன்சுலின் அளவு யார் கையில்? சுயபராமரிப்பும் வாழ்க்கைத் தரமும், 1922 முதல்

1922 ஜனவரி 11 அன்று டொரன்டோ பொது மருத்துவமனையில் நீரிழிவு நோயாளியான 14 வயது லெனார்டு தாம்சனுக்கு இன்சுலின் சாறு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. சாறு போதிய தூய்மை இல்லாததால் ஊசி போட்ட இடம் சீழ் கட்டியது. ஜேம்ஸ் காலிப் சுத்திகரித்துக் கொடுத்த சாறு 23ஆம் தேதி பலித்தது. ஆனால் அதன் வேகம் சில மணி நேரத்தில் அடங்கிவிடும். நாள்தோறும், ஆயுள் முழுக்கப் போட்டாக வேண்டும். அதற்கு எந்த மருத்துவமனையாலும் ஈடுகொடுக்க முடியாது. எனவே ஊசி வெகு விரைவில் வீட்டுக்குப் போயிற்று. அளவைத் தீர்மானிக்கும் உரிமையோ மருத்துவரிடமே தங்கிவிட்டது. பின்வந்த பல பத்தாண்டுகளில் இன்சுலின் எடுப்போரின் வாழ்க்கைத் தரத்தைப் பெரிதும் நிர்ணயித்தது இந்தப் பிரிவினைதான்.

தொடக்கத்தில் யாரும் இதைக் குறையாக எண்ணவில்லை. இன்சுலினுக்கு முன் ஃபிரெடரிக் ஆலனின் பட்டினிச் சிகிச்சைதான் கதி. அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ் மூன்றாண்டுகள் அதில் காய்ந்து, 1922 ஆகஸ்டில் டொரன்டோவுக்கு வந்தபோது எடை ஏறத்தாழ 20 கிலோ. அதன்பின் 1981 வரை வாழ்ந்தார். தன் நோயை மட்டும் வெளியுலகுக்குக் காட்டிக்கொள்ளவே இல்லை. உயிர் மிஞ்சியது என்ற கணக்குக்குள் அந்த மறைப்பு அடங்காது.

வீட்டு வேலையும் லேசானதல்ல. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தீட்ட வேண்டும். சர்க்கரையை அறியச் சிறுநீரே வழி. 5 மி.லி. பெனடிக்ட் கரைசலில் 8 சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்கவைத்தால் நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, சர்க்கரை மிகுந்திருந்தால் செங்கல் சிவப்பாகும். இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 180 மி.கி.யைத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். அதுவும் சில மணி நேரத்துக்கு முந்தைய நிலவரம். தாழ்சர்க்கரையை இச்சோதனை காட்டவே காட்டாது. நோயாளி பாதி இருட்டில்தான் நடந்தார்.

நோயாளிக்குக் கற்பித்தாக வேண்டும் என்று முதலில் உணர்ந்தவர்களில் பாஸ்டனின் எலியட் ஜாஸ்லின் முக்கியமானவர். மருத்துவரும் நோயாளியும் சேர்ந்து பயன்படுத்தும் கையேட்டை, இன்சுலின் வருவதற்கு முன்பே, 1918இல் வெளியிட்டார். லண்டனில் ராபின் லாரன்ஸ் தாமே நீரிழிவு நோயாளி. இன்சுலினால் பிழைத்த மருத்துவர். 1934இல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸுடன் சேர்ந்து நோயாளிகளுக்கான சங்கம் தொடங்கினார். ஆயினும் ஜாஸ்லின் கற்பித்தது பெரும்பாலும் ஒழுங்கு: எடைபோட்டு உண்பது, நேரம் தவறாமல் ஊசி.

இதற்கு நேர்மாறாகச் சிந்தித்தவர் பிரெஸ்லாவின் குழந்தை மருத்துவர் கார்ல் ஸ்டோல்டே. 1929 முதல் குழந்தைகளை விரும்பியபடி சாப்பிடவிட்டு, ஒவ்வொரு உணவுக்கு முன்னும் அதற்கேற்ப இன்சுலின் கொடுக்கலாம் என்றார். அவர் யோசனை எடுபடவில்லை. 1936இல் ஹாகெடோர்ன் உருவாக்கிய புரோட்டமின் இன்சுலின் நெடுநேரம் நின்று வேலை செய்ததால், நாளுக்கு ஒரே ஊசி என்பது பெருவழக்காயிற்று. ஊசி குறைந்தது உண்மை. ஆனால் உடலுக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும் மருந்துக்குத் தீனி போட வேண்டியிருந்ததால், பசித்தாலும் பசிக்காவிட்டாலும் குறித்த நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். இந்த ஏற்பாட்டைச் சலுகை என்று அழைத்தது மருத்துவ உலகின் பார்வை மட்டுமே.

இருட்டை விலக்கியது ஒரு பொறியாளரின் பிடிவாதம். ஏம்ஸ் நிறுவனத்தின் இரத்தச் சர்க்கரைமானி 1970 வாக்கில் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் மட்டுமே விற்கப்பட்டது. ஒரு கிலோவுக்கு மேல் எடை. சிறுவயது முதல் நீரிழிவோடு வாழ்ந்த அந்தப் பொறியாளர் ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன், மருத்துவரான தம் மனைவியின் பெயரில் ஒன்றை வாங்கி, தினமும் பலமுறை விரலைக் குத்திப் பார்த்துத் தம் அளவைத் தாமே திருத்திக்கொண்டார். அதைப் பற்றி எழுதியதை இதழ்கள் ஏற்கவில்லை. நடுத்தர வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து பட்டம் பெற்றார். 1978இல் லண்டன், நாட்டிங்காம் ஆய்வாளர்கள் வீட்டிலேயே சோதிப்பது சாத்தியம் என்று காட்டிய பிறகே கதவு அகலத் திறந்தது. 1985இல் முதல் இன்சுலின் பேனா வந்தது.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 1983 முதல் 1993 வரை 1,441 பேரிடம் தீவிர முறையை வழக்கமான முறையோடு ஒப்பிட்டு நடந்த டிசிசிடி ஆய்வு, நாளுக்குக் குறைந்தது மூன்று ஊசி அல்லது பம்ப், நான்கு சோதனை என்ற தீவிர முறையால் கண் பாதிப்பின் வாய்ப்பு 76% குறைவதைக் காட்டியது. கடும் தாழ்சர்க்கரையோ மும்மடங்கானது. இத்தனை வேலையும் இத்தனை அபாயமும் வாழ்க்கையைக் கசக்கிவிடாதா? அதைப் பார்க்கவே இந்த ஆய்வுக்கென வாழ்க்கைத் தர வினாநிரல் ஒன்று தயாரிக்கப்பட்டது. தீவிர முறைக்காரர்களின் மதிப்பெண் மற்றவர்களுடையதைவிடத் தாழவில்லை.

அடுத்தடுத்து வந்த வினாநிரல்கள் இன்னும் நுட்பமாகக் கேட்டன. நோயின் மனச்சுமையை 20 கேள்விகளில் அளக்கும் ஒன்றை ஜாஸ்லின் மையம் 1995இல் வெளியிட்டது. கிளேர் பிராட்லியின் வினாநிரல், நீரிழிவு இல்லாதிருந்தால் வாழ்க்கையின் ஒவ்வொரு கூறும் எப்படி இருந்திருக்கும் என்று கேட்டது. அதில் திரும்பத் திரும்ப அதிக அடி வாங்கியது ஊசி வலி அல்ல, விரும்பியதைச் சாப்பிடும் சுதந்திரம். ஸ்டோல்டே தொட்டதும் அதைத்தான்.

அவருடைய வழி டுசல்டார்ஃபில் மிகாயேல் பெர்கர் குழுவின் ஐந்து நாள் பயிற்சியாகப் புத்துயிர் பெற்று, பிரிட்டனில் டாஃப்னே என்ற பெயரில் சோதிக்கப்பட்டது. தட்டில் உள்ள மாவுச்சத்தை எண்ணி அதற்கேற்ற யூனிட்டைப் போடக் கற்பித்தார்கள். 2002இல் வெளியான முடிவின்படி, 169 பேரில் பயிற்சி பெற்றவர்களின் மூன்று மாத இரத்தச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் அளவீடு (HbA1c) ஆறு மாதத்தில் ஏறத்தாழ ஒரு சதவீதப் புள்ளி இறங்கியது. கடும் தாழ்சர்க்கரை கூடவில்லை. ஊசியும் விரல்குத்தலும் முன்பைவிட அதிகம். அப்படியும் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது. சுமை கூடியபோதும் அது உயர்ந்ததற்கு, அளவு நோயாளியின் கைக்கு வந்ததே பொருத்தமான விளக்கம். 2014 முதல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த, கையில் ஒட்டிக்கொண்டு சர்க்கரையை அளக்கும் சென்சார்கள் விரல்குத்தலையும் பெருமளவு குறைத்தன.

இந்தியாவில் அளவுரிமைக்கு முன்னால் அளவுப் பிழையே நிற்கிறது. இங்கே குப்பி இன்சுலின் பெரும்பாலும் ஒரு மி.லி.க்கு 40 யூனிட், பேனா மருந்து 100 யூனிட். 40 யூனிட் சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100 யூனிட்டுக்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீடுகளில் குப்பி மண்பானையில் குளிர்கிறது. இங்கே சுயபராமரிப்பின் முதல் பாடம் மூடியின் நிறத்தையும் குப்பியில் அச்சான எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பது.