தக்காளிக்கு மல்ச்சிங் ஷீட்... கட்டுப்படியாகுமா? கணக்கு இதுதான்!

2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பருக்குள் மடமடவென சரிந்தது. இப்படி ஆடும் விலையை நம்பி மல்ச்சிங் ஷீட்டுக்குக் காசு போடலாமா?

ஷீட் என்ன செய்யும்?
மேட்டுப்பாத்தியில் சொட்டுநீர்க் குழாய் போட்டு, அதன்மேல் இந்த பிளாஸ்டிக் நிலப்போர்வையை விரிப்பார்கள். வெளிச்சம் உள்ளே போகாததால் களை அடங்கும். ஈரம் சீக்கிரம் காயாது. காய் மண்ணில் படாததால் அழுகலும் குறையும்.

செலவு எவ்வளவு?
ஒருங்கிணைந்த தோட்டக்கலை மேம்பாட்டு இயக்கத்தின் 2014 வழிகாட்டுதலில் ஹெக்டேருக்கு 32,000 ரூபாய். அதில் பாதி மானியம். ஏக்கருக்குப் பார்த்தால் சுமார் 13,000 ரூபாய், மானியம் போக 6,500.

லாபம் எப்போது?
மானியமே இல்லை என்று வைத்துக்கொள்வோம். பறிப்புக் கூலி, வண்டி வாடகை போக கிலோவுக்கு 10 ரூபாய் கையில் நின்றால், ஏக்கருக்கு 1,300 கிலோ கூடுதலாகக் காய்த்தாலே ஷீட் காசு வந்துவிடும். 5 ரூபாய்தான் என்றால் 2,600 கிலோ வேண்டும். களையெடுப்புக் கூலியில் மிச்சமாவது தனி லாபம்.

காசு இல்லையா?
வைக்கோல், கரும்புத் தோகை பரப்பலாம். ஆனால் களை முழுசா அடங்காது.

மறக்காதீங்க
அறுவடை முடிந்ததும் ஷீட்டை உருவி எடுத்துவிட வேண்டும். மண்ணோடு சேர்த்து உழவும் கூடாது, எரிக்கவும் கூடாது. ஷீட் விளைச்சலைக் காப்பாற்றும், விலையை அல்ல.